தசமி கழித்துக் கொண்டுவரச் சொன்னவன்

1

இந்த வருஷமும் விஜயதசமி வந்து போயிற்று. தோட்டத்தில் அன்றைக்கும் விடியுமுன் மணி அடித்தார்கள். பெயர் கூப்பிட்டு ஆட்களை ரப்பர் மரத்துக்கு அனுப்பினார்கள். வெட்டு முடிந்து, ரப்பர் பாலை எடை போட்டு, ஆட்கள் குளித்து வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தில் பூஜை. பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலாயாவில் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் சாலையை விட்டு உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். ஆட்கள் குடியிருக்கும் லயங்களின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. அதற்கு நான்தான் வாத்தியார், நான்தான் கூட்டிப் பெருக்குகிறவன், மழை ஒழுகினால் வாளி வைக்கிறவனும் நான்தான்.

கடல் தாண்டிப் போனவனுக்கு என்ன குறை என்று நீங்கள் அங்கே ஊரில் பேசிக்கொள்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. பேசிக்கொள்ளுங்கள். இதுவரை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதியதெல்லாம் மலை, மழை, மலாய்க்காரர் வழக்கம், சீனன் கடைப் பலகாரம் என்று வேடிக்கையாகவே எழுதினேன். இந்தத் தடவை வேடிக்கை இல்லை. நெஞ்சு வெந்துபோய் எழுதுகிறேன். கூடப்பிறந்தவனைப் போல் நம்பிய ஒருவன் என் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டான். போட்டவன் யார் என்று தெரியாமல் மூன்று வருஷம் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். இந்த விஜயதசமியன்றுதான் தெரிந்தது.

2

முதலில் இங்கே பிள்ளைகள் படித்து என்ன ஆகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை ஆவான், தாலுகா ஆபீசுக்குப் போவான், ஒன்றுமில்லாவிட்டால் கடையில் உட்கார்ந்து நாலு காசு பார்ப்பான் என்று ஏதாவது ஒன்று சொல்லலாம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நாலாம் வகுப்போடு என் படிப்புச் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் ஒரே வழி மரந்தான். ஆத்திசூடியை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த பிள்ளையும் பால் வெட்டும் உளியைத் தூக்கிக்கொண்டு போகிறான், அதை ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாதவனும் உளியைத் தூக்கிக்கொண்டு போகிறான். இரண்டு பேருக்கும் ஒரே கூலி.

ஒரு நாள் வகுப்பில் நீங்கள் பெரியவர்களானால் என்ன ஆவீர்கள் என்று கேட்டேன். கங்காணி என்றான் ஒருவன். கங்காணி என்றான் இன்னொருவன். ஒரு பெண் குழந்தை மட்டும் நன்றாக யோசித்துவிட்டு, "கங்காணி பொண்டாட்டி" என்றாள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி செல்லத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "நம்ம சாமிநாதன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அவனும் கங்காணி என்றுதான் சொல்லியிருந்தான்.

சாமிநாதன் எங்களுக்கு ஒரே பிள்ளை. அப்போது அவனுக்கு ஏழு வயசு நடந்தது. பேச்சில் பாதி மலாய் கலந்துவிட்டது. சாப்பிட்டாயிற்றா என்பதை "மாக்கான் ஆச்சாப்பா" என்று கேட்பான். தமிழ் வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு தமிழ். ஆனால் கணக்கில் சூரன். காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். இந்த நாட்டில் இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தான் நாற்காலி. ரயில்வேயில் கிளார்க்கு, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, எல்லாம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நானும் செல்லமும் உட்கார்ந்து யோசித்தோம். சாமிநாதனை ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. ஏழாம் வகுப்பு, அப்புறம் கேம்பிரிட்ஜ் பரீட்சை, அப்புறம் ஏதாவது ஆபீஸ். அவன் என்ன வேலைக்குப் போவான் என்பதில் எங்களுக்குள் சண்டைகூட வந்தது. அவளுக்கு அவன் டிரெஸராக வேண்டும், எனக்கு ரயில்வே. சேர்க்கும் முன்பே சண்டை போட்டோம், அவ்வளவு நம்பிக்கை.

3

அந்த நம்பிக்கைக்குக் காரணம் மாணிக்கம்.

கப்பல் உறவு என்று ஒன்று இங்கே உண்டு. உங்களுக்கு விளங்குமோ என்னவோ. ஒரே கப்பலில் வந்தவர்கள் இங்கே பங்காளிகள். சாதி, ஊர் எல்லாம் அப்புறம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை, பெண் கொண்டு கொடுப்பது கிடையாது. மாணிக்கமும் நானும் நாகப்பட்டினத்தில் ஒரே நாளில் கப்பல் ஏறினோம். பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் நோய் இருக்கிறதா என்று பார்க்க எங்களை அடைத்து வைத்தபோது எனக்கு வயிற்றுக்கடுப்பு. என் துணியைத் துவைத்துப் போட்டவன் அவன். பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே அறையில் ஒரே சட்டியில் பொங்கித் தின்றோம். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது அண்ணன் முறைக்கு நின்றவன் நான்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது மாணிக்கம் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் போனான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் சேவகன் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வேலைக்காரர்களை இங்கே வெள்ளைக்காரர்கள் 'தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள். நாற்பது வயசு மீசைக்காரனும் தம்பிதான். மாணிக்கம் சின்ன வேலைதான் பார்த்தான், ஆனால் தலைமை வாத்தியாரான வெள்ளைக்காரத் துரையின் அறை வாசலில் நிற்கிறவன். யார் உள்ளே போகலாம், யார் நாளைக்கு வரலாம் என்று சொல்கிறவன். அந்த இடத்தின் மகிமை தமிழருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாமிநாதனுக்கு ஏழு வயசு நடந்த அந்தத் தீபாவளிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவனுக்கு.

"நம்ம பய இங்கிலீஷ் படிக்கணும்ணே. நான் இருக்கையில ஒங்களுக்கு என்ன கவல? எங்க வூட்லயே தங்கிப் படிக்கட்டும்."

செல்லம் கதவோரமாக நின்று கேட்டாள். "ஜனவரியில சேக்கணும்னு ஆஸ்பத்திரி டிரெஸர் சொல்றாரே. இன்னும் ரெண்டு மாசந்தானே இருக்கு?"

மாணிக்கம் என் முகத்தைப் பார்த்தான். நான் எதை நினைப்பேன் என்று அவனுக்குத் தெரியும். சாமிநாதனுக்கு ஐந்து வயசில் விஜயதசமியன்று அரிசியில் தமிழ் எழுத்து ஆரம்பித்தவன் நான். எங்கள் பாபநாசம் பக்கத்தில் எழுத்து ஆரம்பிப்பதும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் ஒரே நாள், ஒரே காரியம். வாத்தியார் வீட்டு வாசலில் அன்றைக்குப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். வருஷம் தொடங்குவது, முடிவது, வயசு தாண்டுவது என்ற பேச்சே அங்கே கிடையாது. புது வித்தையை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த வருஷத்துத் தசமியோ அப்போதுதான் கடந்து போயிருந்தது.

"ஜனவரிங்கறது வெள்ளக்காரன் கணக்குண்ணே" என்றான் மாணிக்கம். "நம்ம புள்ளைக்கு நாம நாள் பாக்க வேணாமா? அடுத்த தசமி கழிச்சிக் கொண்டாங்க. எடம் புடிச்சி வெக்கிறேன். தொரைகிட்ட நான் சொன்னாப் போதும்லா."

செல்லம் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். நான் கையமர்த்தினேன். சொந்தத் தம்பி சொல்கிறான், ஊரான் டிரெஸர் பேச்சை எடுத்துக்கொண்டு வருகிறாளே என்று எனக்குக் கோபங்கூட வந்தது.

4

அடுத்த விஜயதசமிக்கு மறுநாள் சாமிநாதனுக்குப் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்களும் வெள்ளைப் பாறைக் குன்றுகளும். எல்லாவற்றுக்கும் அவன் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. அத்தனை பெரிய கட்டடத்துக்குள் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

மாணிக்கம் எங்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். நெடுநேரம் கழித்துத் துரை கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். பையனை ஏற இறங்கப் பார்த்தார். வயசு கேட்டார். "சூடா பெனோ" என்றார். நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வருஷம் முடியப் போகிறது, இப்போது யாரையும் சேர்ப்பதில்லை, வருகிற ஜனவரிக்குப் பையனுக்கு வயசு தாண்டிவிடும், முதல் வகுப்பில் சேர்க்க முடியாது. போன ஜனவரியிலேயே ஏன் கொண்டு வரவில்லை?

இதற்கு மலாயில் என்ன பதில் சொல்வது? விஜயதசமியை எப்படிச் சொல்வது? "ஹாரி பெசார் எங்களுக்கு" என்றேன், எங்கள் பண்டிகை என்று. துரை குழம்பிப் போய்ச் சிரித்தார். பண்டிகைக்காக ஒரு வருஷமா லீவு எடுத்தாய் என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சாமிநாதன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்தபோது பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் மாணிக்கத்தின் அண்ணன் மகனைப் பார்த்தேன். ஊரிலிருந்து அந்த வருஷ ஆரம்பத்தில் வரவழைத்த பையன். காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடந்தான்.

"அவன் வேற வழிண்ணே" என்றான் மாணிக்கம், நான் கேட்காமலே. "தொரையே இஷ்டப்பட்டுச் சேத்தது. நம்ம சாமிநாதன் விசயத்துலதான் தொர பேச்ச மாத்திப்புட்டான். வெள்ளக்காரன நம்பக் கூடாதுண்ணே." சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

5

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தத் துரையைத் திட்டினேன். வெள்ளைக்காரன் வாக்கு என்று வகுப்பில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். வேறு பள்ளிக்கூடங்களிலும் போய்க் கேட்டேன். வயசு, வயசு என்றார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலர், நாள் பார்த்தது உன் தப்புதானே வாத்தியாரே என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வழி தெரியாதவன் வழி தெரிந்தவனைக் கேட்டான். தெரிந்தவன் குழிப்பக்கம் கையைக் காட்டினான். இதில் கேட்டவன் தப்பு எங்கே வந்தது?

சாமிநாதன் என்னிடமே நாலாம் வகுப்பையும் முடித்துவிட்டான். வேறு போக்கிடம் இல்லாமல் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கிறான். கங்காணி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். "பையன் சும்மாதானே வாத்தியாரே இருக்கான்? ஒட்டுப்பால் பொறுக்க அனுப்புங்க. அரை ஆளாப் பேர் போட்டுடறேன்." மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பரைப் பாதிக் கூலிக்குப் பிய்த்துச் சேர்க்கிற வேலை. அதிலிருந்து உளி, அப்புறம் வாழ்நாள் முழுக்க மரம். நான் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.

6

இந்த விஜயதசமிக்கு மாணிக்கம் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துப் பூஜைக்கு வந்தான். அவனுடைய கடைசிப் பையன் துரைராஜுக்கு ஆறு வயசு. அவனுக்கு என் கையால் எழுத்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

"ஒங்க கைராசி வேணும்ணே. பெரியப்பா கையால தொடங்கினாத்தான் வெளங்குவான்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. செல்லம் பாயசம் வைத்தாள். சாமிநாதன் தாம்பாளத்தைத் துலக்கி அரிசியைப் பரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். நான் துரைராஜை மடியில் இருத்தி, அவன் விரலைப் பிடித்து, அரிசியில் அகரம் எழுதத் தொடங்கினேன். பாதிச் சுழியில் பையன் விரலை உருவிக்கொண்டான்.

"எனக்கு எழுதத் தெரியும் பெரியப்பா" என்றான். அரிசியைக் கையால் நிரவிவிட்டு, இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுத் தன் பெயரை எழுதினான். தப்பில்லாமல் எழுதியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"யாருடா சொல்லிக் கொடுத்தா?"

"ஸ்கூல்ல. புது வருசத்துலேருந்து போறேன். அண்ணன் படிக்கிற ஸ்கூல்."

மாணிக்கம் சிரித்தான். "பய கெட்டிக்காரன்ணே. ஜனவரியிலயே போட்டாச்சி. இது சும்மா சம்பிரதாயத்துக்கு."

நான் உட்கார்ந்தபடியே கேட்டேன். "ஜனவரியிலயே சேத்துட்டு, தசமிக்கு எழுத்து ஆரம்பிக்கலாமா?"

"அது வேற இது வேறதானேண்ணே."

அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. தாம்பாளத்தைப் பார்த்தான். செல்லம் பாயசக் கிண்ணத்தோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது வேறு, இது வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருந்தால் போதும்.

குழந்தை என்ன செய்தான் பாவம். அவன் விரலை மறுபடி பிடித்து அகரத்தை முடித்தேன். ஆசீர்வாதம் பண்ணினேன். மாணிக்கம் வெற்றிலைத் தட்டில் வேட்டியும் பழமும் வைத்து நீட்டினான். வாத்தியாருக்குச் செய்கிற மரியாதை. நான் கை நீட்டவில்லை. புறப்படும்போது லயம் தாண்டி வண்டிப் பாதை வரைக்கும் கூடப் போனேன். அவன் மனைவியும் குழந்தையும் முன்னால் நடந்தார்கள்.

"சொல்லுடா" என்றேன்.

அவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று நடையைக் குறைத்தான். பிறகு சொன்னான். "அந்த வருசம் தொர எனக்குன்னு ஒரே ஒரு எடந்தான் குடுத்தான். எங்க அண்ணன் தன் மவன அனுப்பறேன்னு ஊர்லேருந்து எழுதிட்டாரு. நான் என்ன செய்ய முடியும்? ரத்த சொந்தம்ணே."

"எடம் இல்லேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேற பள்ளிக்கூடம் பாத்திருப்பேனே. அப்ப வயசு இருந்துச்சே."

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

"அதனால ஒரு வருசம் காக்க வெச்சியா? நான் நாள் பாக்கிறவன்னு தெரிஞ்சிக்கிட்டு அதையே சொல்லிக் காக்க வெச்சியா?"

துரை நல்லவர்தான் என்பதுகூட அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் ஜனவரியில் வரவில்லை என்று கேட்ட ஒரே ஆள் அவர். இந்தச் சீமைக்கு வந்த நாளாக வெள்ளைக்காரன் ஏமாற்றினான், கங்காணி ஏமாற்றினான், கடைக்காரன் ஏமாற்றினான். அதையெல்லாம் எதிர்பார்த்தேதான் வந்தோம். என் அழுக்குத் துணியைத் துவைத்துப் போட்ட கை இதைச் செய்யும் என்று எதிர்பார்த்து வரவில்லை. நடுரோட்டில் அழுதுவிடுவேனோ என்றுதான் பயமாக இருந்தது.

"இனிமே எங்க வீட்டுக்கு வராத மாணிக்கம்" என்று மட்டும் சொன்னேன். "நீயும் வராத, பிள்ளைகளையும் அனுப்பாத."

"அண்ணே" என்றான். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சாமிநாதன் மட்டும் தாம்பாளத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். துரைராஜ் எழுதியதை நினைவு வைத்துக்கொண்டு அரிசியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பார்த்ததுதான். இரண்டு மூன்று எழுத்து அச்சாக வந்திருந்தது, மற்றது கோணல்.

"அப்பா, இது அவன் பேரு. என் பேர இதுல எப்படி எழுதறது?"

எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் நான், பெற்ற பிள்ளையின் பெயரை அவன் கேட்ட எழுத்தில் எழுதத் தெரியாமல் நின்றேன். தெரியாதுடா என்று சொன்னேன்.

அவன் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அரிசியை அளைந்து சமப்படுத்தினான்.

"பரவாயில்லப்பா. தொரைராஜுக்குத் தெரியும். அடுத்த தடவ வாரப்ப அவன்ட்ட கேட்டுக்கிறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அவனிடம்?